பல வருஷம் அலுக்காத கட்டைகள்: பில்டிங் பிளாக்ஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

பிறந்தநாளுக்கு வந்த ரிமோட் கார் எத்தனை நாள் ஓடும்? பேட்டரி தீரும் வரை. சில வீடுகளில் அதற்கு முன்பே பரணுக்குப் போய்விடும். பட்டனை அழுத்தினால் பாடும் யானையும் அப்படித்தான். அது என்னென்ன செய்யும் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அதே வீட்டில் ஒரு பழைய டப்பாவில் மரக்கட்டைகளோ, ஒன்றோடொன்று மாட்டும் லெகோ பிளாஸ்டிக் கட்டைகளோ கிடந்தால், மூன்று வயதில் அதைத் தொட்ட பிள்ளை பதினொரு வயதிலும் கூடத்தில் கொட்டிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது? ‘கற்பனையைத் தூண்டும்’ என்று எல்லா பொம்மைப் பெட்டியிலும்தான் அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பி வாங்கியவற்றில் பாதி பரணில் இருக்கிறது. கட்டைகள் நீடிப்பதற்குக் காரணம் அவற்றின் அளவுகளில் இருக்கிறது. ஒரு துண்டு இன்னொரு துண்டோடு எந்தக் கணக்கில் பொருந்துகிறது என்பதுதான் விஷயம். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எது பல வருஷம் நிற்கும், எது ஒரு மாதத்தில் மூலைக்குப் போகும் என்று கடையில் நின்றபடியே ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு வேறுபாடு. ஜிக்சா புதிருக்கு ஒரே ஒரு முடிவுதான். கடைசித் துண்டை வைத்ததும் ஆட்டம் முடிந்தது. மாண்டிசோரி வகுப்புகளில் பார்க்கும் இளஞ்சிவப்புக் கோபுரமும் இந்த வகைதான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் முதல் பத்து சென்டிமீட்டர் கனசதுரம் வரை பத்துக் கட்டைகள். பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்க வேண்டும். தப்பாக அடுக்கினால் கண்ணுக்கே தெரியும், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவருடைய கருவிகள் நம்மூரில் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். அருமையான கருவிகள், சந்தேகமே இல்லை. ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட பாடத்துக்காகச் செய்தவை. பாடம் மனதில் ஏறியதும் அவற்றின் வேலை முடிந்துவிடும்.

நாம் பேசப்போவது விடை என்று ஒன்று இல்லாத பொம்மைகளை. கட்டியதற்கு ‘சரி’, ‘தப்பு’ என்று மார்க் போட முடியாது. நிற்கும், அல்லது விழும். அவ்வளவுதான்.

எட்டுக் கனசதுரங்கள்

ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஃபுரோபல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் சிறுபிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். கிண்டர்கார்டன் என்று 1840-இல் அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான். இன்று நம் பிள்ளைகள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. போவதன் ஆரம்பம் அங்கே இருக்கிறது. அவர் வரிசையாகச் சில விளையாட்டுப் பொருள்களை வடிவமைத்தார். முதலாவது, கம்பளி நூலால் செய்த நிறப் பந்துகள். இரண்டாவது, மரத்தில் ஒரு கோளம், ஓர் உருளை, ஒரு கனசதுரம். மூன்றாவதில்தான் கட்டும் விளையாட்டு தொடங்குகிறது.

அது ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று. அதை எட்டுச் சம துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனசதுரம். கொடுக்கும் விதத்தில் ஓர் அழகு உண்டு. பெட்டியைத் தலைகீழாக மேசைமேல் வைத்து, நகரும் மூடியை அடியிலிருந்து இழுத்துவிட்டு, பெட்டியை மெல்லத் தூக்க வேண்டும். எட்டுத் துண்டுகளும் சிதறாமல் ஒரே கனசதுரமாக நிற்கும். பிள்ளை முதலில் பார்ப்பது முழுமையை. கையை வைத்ததும் அது பிரிகிறது. விளையாடி முடித்த பிறகு மறுபடி முழுதாக அடுக்கினால்தான் பெட்டிக்குள் போகும்.

எட்டே கட்டைகளில் என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். நாற்காலி, படிக்கட்டு, கிணறு, நீண்ட சுவர் எல்லாம் வரும். ஃபுரோபல் இந்த விளையாட்டை மூன்றாகப் பார்த்தார். வீட்டிலும் தெருவிலும் பார்த்ததைச் செய்வது ஒன்று. நட்சத்திரம், கோலம் போல அழகுக்காக அடுக்குவது இன்னொன்று. பாதி, கால், எட்டில் ஒன்று என்று கணக்காகப் பார்ப்பது மூன்றாவது. ஒரே எட்டுக் கட்டைகள்தான், மூன்றுக்கும் இடம் கொடுக்கின்றன. அடுத்த பெட்டியில் அதே இரண்டு அங்குலக் கனசதுரத்தை எட்டுச் செங்கல் வடிவங்களாக வெட்டியிருப்பார். அளவு அதேதான், வெட்டு மட்டும் வேறு. அதனால் இரண்டு பெட்டிகளையும் கலந்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும்.

இப்படிப்பட்ட பள்ளிகளை 1851-இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. குழந்தைகள் கட்டை அடுக்குவதைப் பார்த்து ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது என்றால் சிரிப்புத்தான் வருகிறது. தடை 1860 வரை நீடித்தது. அதற்குள் இந்தக் கட்டைகள் கடல் கடந்து போய்விட்டன. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஓர் அம்மா இவற்றைப் பார்த்துத் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் ஃபிராங்க் லாயிட் ரைட், பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அந்த மேப்பிள் மரக்கட்டைகளின் தொடுகை கடைசி வரை தன் விரல்களில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். (இதைப் படித்துவிட்டு ‘கட்டை வாங்கினால் பிள்ளை ஆர்க்கிடெக்ட் ஆகிவிடும்’ என்று கணக்குப் போட வேண்டாம். கட்டை விளையாடி வேறு வேலைக்குப் போனவர்கள்தான் அதிகம்.)

ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு

ஃபுரோபலின் கட்டைகள் மேசைமேல் வைத்து விளையாடுபவை, சின்னவை. நியூயார்க்கில் கரோலைன் பிராட் என்ற ஆசிரியை 1914-இல் ஒரு பள்ளியைத் தொடங்கியபோது, தரையில் உட்கார்ந்து உடம்பு முழுவதையும் பயன்படுத்தி விளையாடும்படி பெரிய கட்டைகளை வடிவமைத்தார். யூனிட் பிளாக்ஸ் என்று இன்று உலகம் முழுக்க நர்சரிப் பள்ளிகளில் இருப்பவை அவைதான். அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள், விற்கிறார்கள். உங்கள் ஊர் ஆசாரியும் செய்து தரலாம்.

அடிப்படைக் கட்டையின் கனம் ஏறக்குறைய 3.5 செ.மீ., அகலம் 7 செ.மீ., நீளம் 14 செ.மீ. அதாவது ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. மற்ற எல்லாத் துண்டுகளும் இதிலிருந்து பிறந்தவை. இதைப் பாதியாக வெட்டினால் அரைக்கட்டை, இரண்டு மடங்கு நீளமானால் இரட்டைக்கட்டை, நான்கு மடங்கானால் பெரிய உத்தரம். குறுக்காக வெட்டினால் முக்கோணம். உருளைகூட அடிப்படைக் கட்டையின் உயரத்துக்குத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு விளையாட்டில் என்ன செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளை ஒரு பஸ் ஸ்டாண்டுக்குக் கூரை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு கட்டை நிமிர்த்தியிருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்று. மேலே வைக்க இரட்டைக்கட்டையைத் தேடுகிறது. தம்பி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு சாதாரணக் கட்டையை வைக்கிறது. எட்டவில்லை, நடுவில் விழுகிறது. மறுபடி வைக்கிறது, மறுபடி விழுகிறது. இப்போது இரண்டு வழி. தூண்களை நெருக்கிக் கொண்டுவரலாம்; அல்லது நடுவில் மூன்றாவது தூண் நிறுத்தி, இரண்டு கட்டைகளை அதன்மேல் முட்டுக் கொடுத்து வைக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் முதல் வழியைக் கண்டுபிடிக்கும். சில பிள்ளைகள், அதுவும் பிடிவாதக்காரப் பிள்ளைகள், இரண்டாவதைக் கண்டுபிடிக்கும். இரண்டு கட்டை சேர்ந்தால் ஓர் இரட்டைக்கட்டை என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அளவு சரியாக இருந்ததால் கைக்கே தெரிந்துவிட்டது. கட்டைகள் கண்டபடி வெட்டியவையாக இருந்தால், மூன்றாவது தூண் வைத்தும் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பிள்ளை தன் யோசனைதான் தப்பு என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடும். மலிவான செட்டுகள் சீக்கிரம் அலுத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே கட்டைகளோடு ஏன் வருஷக்கணக்கில் விளையாட முடிகிறது என்பதற்கு ஹாரியட் ஜான்சன் என்ற நியூயார்க் நர்சரி ஆசிரியை 1930-களில் நல்ல பதில் சொன்னார். பிள்ளைகள் கட்டும் விதம் ஒரு வரிசையில் வளர்வதை அவர் கவனித்து எழுதினார். ஒன்றரை வயதுப் பிள்ளை கட்டையைக் கட்டாது; தூக்கிக்கொண்டு நடக்கும், வாயில் வைக்கும், பாத்திரத்தில் போட்டுக் கொட்டும். அப்புறம் வரிசையும் அடுக்கும் வரும். மேலே மேலே வைத்துத் தள்ளிவிடுவதுதான் இந்தக் கட்டத்தின் உச்சபட்ச இன்பம். அதற்குப் பிறகு பாலம்: இரண்டின் மேல் ஒன்று. அப்புறம் நாலு பக்கமும் அடைத்து ஓர் உள்வெளி உண்டாக்குவது. பெரியவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் சுவரின் கடைசிக் கட்டையைத் திருப்பி வைத்து முதல் கட்டையோடு சேர்ப்பதற்குப் பிள்ளை எவ்வளவு தடுமாறும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உள்வெளி கிடைத்ததுமே அதற்குள் ஒரு மாடோ காரோ போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு இடமும் வலமும் ஒரே மாதிரி வரும் அலங்கார அடுக்கு, கட்டியதற்குப் பெயர் வைப்பது, கடைசியாக நிஜமாகப் பார்த்த ஓர் இடத்தையே கட்ட முயல்வது. ஐந்து, ஆறு வயதில் வரும் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு எல்லையே இல்லை. ரயில்வே ஸ்டேஷன், கோயில் கோபுரம், துறைமுகம் என்று போய்க்கொண்டே இருக்கும். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் ‘பார்க்’ போடும் வீடுகளில் இதை நேராகப் பார்க்கலாம். பொம்மைகளை அடுக்கும் வேலை பெரியவர்களுடையது. பார்க்கும் அதற்குள் ஓடும் ரோடும் பிள்ளைகள் ராஜ்யம்.

புதிய கட்டத்துக்கு வரும் பிள்ளை பழைய கட்டத்தை விட்டுவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஏழு வயதிலும் அடுக்கித் தள்ளும், இன்னும் உயரமாக அடுக்கித் தள்ளும்.

ஒரே ஒரு வடிவத்தை வைத்தே இதையெல்லாம் செய்ய முடியுமா? டாம் வான் டெர் புருகன் என்ற டச்சுக்காரர் 1987-இல் பிரான்சில் கொண்டுவந்த கப்லா பலகைகள் அப்படித்தான். எல்லாம் ஒரே மாதிரி மெல்லிய பைன் மரப் பலகை. மூன்று பலகைகளின் கனம் சேர்ந்தால் ஒரு பலகையின் அகலம். ஐந்து அகலம் சேர்ந்தால் ஒரு நீளம். ஒட்டுவதற்குப் பசையில்லை, மாட்டுவதற்குக் கொக்கியில்லை. ஈர்ப்பு விசை மட்டும்தான். இதில் ஆளுயரக் கோபுரம் கட்டுகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்.

லெகோவில் இருக்கும் எட்டுக் குமிழ்கள்

லெகோ கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். பிளாஸ்டிக் கட்டைகள் 1949-இல் வந்தன. அந்த யோசனை முழுக்க அவருடையதுமில்லை. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் அதற்கு முன்பே குமிழ் வைத்த பிளாஸ்டிக் செங்கல்கள் செய்திருந்தார். ஆரம்பகால லெகோ கட்டைகள் உள்ளே வெறும் கூடு. மாட்டினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். 1958 ஜனவரி 28-இல் பதிவு செய்த மாற்றம்தான் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது. கட்டையின் அடியில் குழாய்களை வைத்தார்கள். கீழே இருக்கும் கட்டையின் குமிழ் மேல் கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இறுக்கமாக உட்காரும். பிடிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் குழந்தையின் விரலால் பிரிக்க முடியாத அளவு இறுக்கமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு அச்சின் துல்லியம் மில்லிமீட்டரின் மிகச் சின்னப் பின்னத்தில் இருக்க வேண்டும். மலிவுப் பிரதிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒன்று மாட்டாது, இல்லையென்றால் கழலாது.

லெகோவின் கணக்கு இது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். மெல்லிய தட்டுத் துண்டின் உயரம் 3.2, மூன்று தட்டு அடுக்கினால் ஒரு கட்டை. 1969-இல் சின்னப் பிள்ளைகளுக்காக வந்த டூப்லோ எல்லாப் பக்கமும் சரியாக இரண்டு மடங்கு. அதனால் டூப்லோவின் மேல் லெகோ கட்டை மாட்டும். அக்கா இரண்டு வயதில் விளையாடியது தம்பியின் கோட்டைக்கு அஸ்திவாரம் ஆகலாம். 1958-க்குப் பிறகு செய்த கட்டைகள் இன்று வாங்கும் கட்டைகளோடும் சேரும். விலை அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் (நானும்தான்) இந்த ஒரு விஷயத்தையும் தராசில் போட வேண்டும்.

இரண்டு வரிசையில் நாலு நாலாக எட்டுக் குமிழ் உள்ள கட்டை இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நிறம். ஒன்றின் மேல் ஒன்றை எத்தனை விதமாக மாட்டலாம்? வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டும் ஒரே திசையில் நீளமாக இருந்தால், நீளவாக்கில் ஏழு இடங்களும் அகலவாக்கில் மூன்று இடங்களும் உண்டு, ஆக 21. மேல்கட்டையைக் குறுக்காகத் திருப்பினால் ஐந்துக்கு ஐந்து, 25. மொத்தம் 46. ஆனால் இவற்றில் பல, மேசையைச் சுற்றிப்போய் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றேதான். அவற்றைக் கழித்தால் 24 மிஞ்சும். மூன்று கட்டைகளுக்கு இதுவே 1,060 ஆகிவிடும். ஆறு கட்டைகளுக்கு 91,51,03,765. அதாவது தொண்ணூற்றொரு கோடிக்கு மேல். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணினியை வைத்து எண்ணியதில் வந்த எண் இது. டப்பாவில் புதுத் துண்டு வகை எதுவும் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே சாதாரணக் கட்டைதான், ஆறு.

இதை அந்தக் கம்பெனியே ஒரு காலத்தில் மறந்தது. 2000-களின் தொடக்கத்தில், ஒரு செட்டுக்கு மட்டும் உதவும் விசேஷத் துண்டுகள் பெருகி, வகைகளின் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தது. காரணங்கள் பல இருந்தாலும், 2004-க்குப் பிறகு மீண்டு வந்தபோது செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, அந்த வகைகளைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது.

கடையில் செட் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியின் மேல் படத்தைப் பார்க்காமல், உள்ளே என்ன துண்டுகள் என்று பாருங்கள். விண்கலத்தின் முன்மூக்கு ஒரே துண்டாக வந்திருந்தால் அது விண்கலத்தைத் தவிர வேறு எதுவாகவும் ஆகாது. சின்னச் சின்னச் சரிவுத் துண்டுகளால் அந்த மூக்கைக் கட்டியிருந்தால், நாளைக்கு அது வீட்டுக் கூரை, மறுநாள் முதலையின் வாய். படம் பார்த்துக் கட்டுவது தப்பில்லை. பலவிதமான மாட்டும் முறைகள் அதில்தான் கைக்குப் பழகும். கட்டியதைப் பிரிக்கக் கூடாது என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால்தான் அது பொம்மை என்ற நிலையிலிருந்து ஷோகேஸ் சாமான் ஆகிவிடுகிறது. அந்த அலமாரிகளில் பெரும்பாலானவை அப்பாக்களுடையவை என்பது வேறு விஷயம்.

துளையும் திருகும்

லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை வாங்கிய மெக்கானோ இன்னொரு வழி. துளையிட்ட உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட்டு. துளைக்குத் துளை அரை அங்குலம் என்ற ஒரே அளவு. நம்மூரில் இதே பாணியில் வந்த மெக்கானிக்ஸ் செட்டை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குட்டி ஸ்பேனரைத் தேடுவதே பாதி விளையாட்டு. இதில் சக்கரம் சுழலும், கிரேன் தூக்கும். கட்டியது அசைகிறது என்பதுதான் இதன் கூடுதல் ருசி. ஏழெட்டு வயதுக்கு முன்னால் கொடுத்தால் திருகி மாளாது, எரிச்சல்தான் வரும்.

அமெரிக்காவில் 1914-இல் வந்த டிங்கர்டாயைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சார்லஸ் பஜோ என்ற கல்தச்சர், பிள்ளைகள் பென்சிலையும் நூற்கண்டுக் கட்டையையும் சேர்த்து விளையாடுவதைப் பார்த்து உருவாக்கியது. வட்டக் கட்டையின் ஓரத்தைச் சுற்றி எட்டுத் துளைகள், அவற்றில் செருகக் குச்சிகள். குச்சிகளின் நீளங்களை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ஒரு குச்சியால் சதுரம் கட்டினால், அடுத்த அளவுக் குச்சி அந்தச் சதுரத்துக்கு மூலைவிட்டமாகச் சரியாகப் பொருந்தும். பள்ளிக்கூடத்தில் பித்தகோரஸ் தேற்றம் என்று படிப்பது இந்த டப்பாவுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

இதற்கெல்லாம் காசு வேண்டுமே என்பவர்களுக்கு அரவிந்த் குப்தா வழி காட்டியிருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். 1978-இல் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே உருவானதுதான் தீக்குச்சி மெக்கானோ. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சைக்கிள் கடையில் வால்வு டியூப் என்று கேட்டால் மெல்லிய ரப்பர் குழாய் கொடுப்பார்கள். அதை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். தீக்குச்சியின் மருந்தைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இது பெரியவர்கள் வேலை. ஒரு டியூப் துண்டின் இரண்டு முனையிலும் இரண்டு தீக்குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று கிடைக்கும். மூன்று குச்சி, மூன்று டியூப் சேர்த்தால் முக்கோணம். நாலு சேர்த்தால் சதுரம்.

இப்போது முக்கோணத்தை விரலால் அழுத்துங்கள். அசையாது. சதுரத்தை அழுத்துங்கள், சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். இன்னும் அழுத்தினால் தட்டையாகப் படுத்துவிடும். ஐங்கோணம் இன்னும் மோசம். சதுரத்தின் இரண்டு எதிர்மூலைகளுக்கு நடுவே ஓர் ஈர்க்குச்சியை அளவாக நறுக்கிக் குறுக்கே செருகுங்கள். ஆட்டம் நின்றுவிடும், ஏனென்றால் சதுரம் இப்போது இரண்டு முக்கோணமாகிவிட்டது. ரயில் பாலத்திலும் ஹைடென்ஷன் கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்ற கேள்வியைப் பிள்ளை அடுத்த பயணத்தில் தானே கேட்கும்.

மூன்று குச்சி சேரும் மூட்டுக்கு, டியூப் துண்டின் நடுவில் கருவேல முள்ளால் குத்தித் துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருக வேண்டும். அப்படி நாலு மூட்டு, ஆறு குச்சி இருந்தால் நான்முகி நிற்கும். தூக்கிப் போட்டாலும் குலையாது. எட்டு மூட்டு, பன்னிரண்டு குச்சியில் கனசதுரம் செய்தால் அது கள் குடித்தவன் மாதிரி தள்ளாடும். அதை நிமிர்த்த முகத்துக்கு ஒன்றாக ஆறு மூலைக்குச்சிகள் கொடுக்க வேண்டியிருக்கும். டப்பா முழுக்க ஆகும் செலவு ஒரு காபி விலைகூட வராது. ரப்பர் சில மாதங்களில் தளர்ந்துபோகும்; புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்

முதல் பொம்மையாக எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் மரக்கட்டை என்றுதான் சொல்வேன். ஒன்றரை வயதிலேயே கொடுக்கலாம், பத்து வயது வரை வேலை செய்யும், லெகோவுக்குக்கூட அந்த வீச்சு இல்லை. ஐம்பது கட்டை இருந்தால் தொடங்கலாம். அதில் பாதிக்கு மேல் சாதாரண, இரட்டை, அரைக்கட்டைகளாக இருக்கட்டும். வளைவு, உருளை, முக்கோணம் எல்லாம் ஊறுகாய் அளவு போதும். கடைகளில் இதற்கு நேர்மாறாக இருக்கும்: பதினைந்து விதமான வடிவம், ஒவ்வொன்றிலும் இரண்டே துண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. காசு இருந்தால் வேறு செட் வாங்குவதைவிட அதே செட்டை இன்னொன்று வாங்குவது மேல். வெவ்வேறு அளவுக் கணக்கு உள்ள கம்பெனிகளின் கட்டைகளை ஒரே டப்பாவில் கலக்காமல் இருப்பதும் நல்லது.

ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால் ரப்பர் மரம், வேம்பு, கதவு ஜன்னல் வேலையில் மிஞ்சிய தேக்கு எதுவானாலும் சரி, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிளைவுட் வேண்டாம், ஓரத்தில் சிலாம்பு பெயரும். 3.5-க்கு 7 சென்டிமீட்டர் சட்டமாக முதலில் இழைத்துவிட்டு, அப்புறம் நீளத்துக்கு வெட்ட வேண்டும். இங்கே ஒரு பிசகு அடிக்கடி நடக்கும். சட்டம் முழுவதும் 14, 28, 42 என்று முதலிலேயே கோடு போட்டுவிட்டு அறுத்தால், ஒவ்வொரு அறுப்பிலும் வாள் தின்னும் மரம் ஏதாவது ஒரு துண்டின் கணக்கில் போய்விடும். ஒவ்வொரு துண்டாக அளந்து அறுக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு முட்டுக்கட்டை வைத்து எல்லாவற்றையும் அதே நீளத்தில் அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு அரைக்கட்டையைச் சேர்த்து ஒரு முழுக்கட்டைக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். நெருடக் கூடாது. விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக மழுக்கினால் போதும்; ரொம்ப உருட்டினால் அடுக்கு நிற்காது. பெயிண்ட் தேவையே இல்லை.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, தொண்டையில் சிக்கக்கூடிய துண்டு கைக்கு எட்டக் கூடாது. பொம்மைச் சோதனைக்கூடங்களில் இதற்கு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாகப் போய்விடும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. இரண்டாவது, காந்தம். இப்போது பிரபலமாக இருக்கும் காந்தத் தட்டுகள் நல்ல பொம்மைதான், எல்லாத் துண்டும் ஒரே பக்க அளவில் இருப்பதால் சதுரமும் முக்கோணமும் அழகாகச் சேரும். ஆனால் மலிவுத் தட்டுகள் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் காந்தம் வெளியே வரும். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகள் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். காந்தம் உள்ள எதையும் அந்த முத்திரை இல்லாமல் வாங்காதீர்கள். விரிசல் விட்ட தட்டைப் பசை போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளாமல் அன்றே தூக்கிப் போடுங்கள்.

வாங்கிக் கொடுத்த பிறகு பெரியவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, கொஞ்சம் தள்ளி உட்காருவது. ‘இது என்னடா, வீடா?’ என்று கேட்டால் பிள்ளை உங்களுக்காக அதை வீடாக்கிவிடும். அதுவரை அது வேறு ஏதோவாக இருந்திருக்கலாம். எல்லாக் கட்டையும் மேலிருந்து பார்த்தாலே தெரியும்படி, ஆழமில்லாத தட்டிலோ திறந்த அலமாரியிலோ வையுங்கள். ஆழமான டப்பாவில் போட்டால் அடியில் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. முடிந்தால், கட்டியதை ராத்திரி கலைக்காமல் அப்படியே விட ஒரு மூலை கொடுங்கள். மறுநாள் தொடரலாம் என்று தெரிந்தால் கட்டும் விஷயமே பெரிதாகிவிடும்.

உடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணலில் வீடு கட்டுவதும் அதை யாராவது வந்து மிதிப்பதும் தமிழில் பாட்டாகவே இருக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. ‘எங்கள் சிறுவீட்டைச் சிதைக்காதே’ என்று சிறுமிகள் அந்தக் குட்டித் தலைவனைக் கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சல் இன்றும் எல்லா வீட்டுக் கூடத்திலும் கேட்கிறது. தான் கட்டியதைத் தானே தள்ளிவிடுவது விளையாட்டின் ஒரு பகுதி, அதைத் தடுக்க வேண்டாம். அடுத்தவர் கட்டியதைத் தள்ளுவது வேறு. அதற்கு எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: கட்டினவரிடம் கேட்டுவிட்டுத்தான் தள்ள வேண்டும். தம்பிகள் கேட்காமலேதான் தள்ளுகிறார்கள். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருந்தால் பஞ்சாயத்துக்கு வசதி.

இந்த வகைப் பொம்மைகளைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ரிமோட் கார் இரண்டாம் கையில் வாங்கினால் குப்பைதான். கட்டைகளுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. பழைய மரக்கட்டையில் பெயிண்ட் அடித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதைச் சுரண்டித் தேய்க்கவும் கூடாது. பெயிண்ட் இல்லாத கட்டையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். லெகோவைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம்; வெதுவெதுப்புக்கு மேல் சூடு கூடாது, 40 டிகிரிக்கு மேல் போனால் கட்டை நெளிந்து பிடிப்புப் போய்விடும். கழுவியதைத் துணிமேல் பரப்பி மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். வாஷிங் மெஷினும் மொட்டைமாடி வெயிலும் வேண்டாம்.